வீட்டைப் புதுப்பிக்கப் புகுமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே அதை இடித்துத் திருத்திப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஊரில் கொத்தனாரும் தச்சரும் பரம்பரையாக அறிமுகமானவர்கள். நம் பாட்டனார் வீட்டுக்குச் சுவர் எழுப்பியவரின் பேரனே நம் வீட்டுக்கு ஓடு மாற்ற வருவார். வேலையில் குறை வைத்துவிட்டு அவர் எங்கும் போய்விட முடியாது. மறுநாள் கோயில் வாசலில் நம் முகத்தில் விழித்தாக வேண்டும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மும்பையில் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, அம்பர்நாத் முதலிய இடங்களில் நம்மவர் வாங்கிய பிளாட்டுகளில் பல இன்று முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. குளியலறைத் தளம் கசிகிறது. கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பிள்ளைக்குத் திருமணம் வருகிறது. ஊரிலிருந்து முதிய பெற்றோர் வந்து தங்க நேர்கிறது. ஆகவே வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. வருங்கால வைப்பு நிதியிலிருந்தோ, ஊர் நிலத்தை விற்றோ, கடன் பெற்றோ பணம் திரட்டுகிறோம். அந்தப் பணம் மூன்று மாதத்தில் கரைந்து, வேலை பாதியில் நின்று, மழைக்காலத்தில் மீண்டும் கூரை ஒழுகக் கண்ட குடும்பங்கள் நம் அன்பர்களிடையே ஒன்றிரண்டு அல்ல.

நல்ல ஒப்பந்தக்காரர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ரயில்வே கணக்கலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குத் தினமும் கண்ணில் படுவது ஒன்று உண்டு. ஒரு சிறு நடைமேடைச் சுவருக்குக்கூட வேலைப் பட்டியல் எழுதப்படுகிறது. பலரிடம் விலைப்புள்ளி கேட்கப்படுகிறது. செய்த வேலை அளவைப் புத்தகத்தில் பதியப்படுகிறது. பதிந்த பிறகே பணம் கொடுக்கப்படுகிறது. அதிலும் ஒரு பகுதி வைப்புத் தொகையாக நிறுத்தி வைக்கப்படுகிறது. பொதுப் பணத்துக்கு இத்தனை காவல் இருக்க, நம் வியர்வையால் சேர்த்த பணத்துக்கு மட்டும் ஏன் காவல் இல்லை? எழுதி, அளந்து, பிறகு கொடுத்தல் என்னும் இம்மூன்றையும் வீட்டு வேலைக்குப் பொருத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவசியமும் ஆசையும்

ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் வீட்டை நாமே ஒரு முறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் ஒரு சிறு மரச்சுத்தியும் போதும். எங்கே ஈரம் தெரிகிறது, எந்தச் சுவரில் பூச்சு உப்பியிருக்கிறது, எந்த பிளக்கில் கை வைத்தால் சூடாக இருக்கிறது என்று அறை அறையாகக் குறித்துக்கொள்க. கூரையை மெல்லத் தட்டும்போது பொள்ளல் ஓசை கேட்குமாயின் அங்கே பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

உத்தரத்தின் அடியில் கம்பியின் போக்கிலேயே நீளமாக வெடிப்பு ஓடுவதைச் சிலர் சாதாரணமாக எண்ணி, வெள்ளைச் சிமெண்டைப் பூசி மூடிவிடுகின்றனர். அது தவறு. உள்ளே இருக்கும் இரும்பு ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்போது, துருவானது இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த நெருக்கத்தால் கான்கிரீட் பிளந்து வெளியே தள்ளப்படுகிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. ஈரம் வரும் வழியை அடைத்து, பெயர்ந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பியைச் சுத்தம் செய்து பாதுகாப்புப் பூச்சிட்டு, தேய்ந்த கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்து, பிறகே மூட வேண்டும்.

இவ்வாறு குறித்தவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நீர்க்கசிவு, துருப்பிடித்த குழாய், பழைய மின்கம்பி, பழுதான கான்கிரீட் ஆகியவை அவசியம். பொய்க்கூரை, வண்ண விளக்கு, கண்ணாடி அலமாரி ஆகியவை ஆசை. ஆசை குற்றமன்று. ஆனால் அவசியத்தை முடித்த பிறகு மிஞ்சும் பணத்தில் அதற்கு இடம் தருவதே முறை. மேலே ஒழுகும் வீட்டில் கீழே பளபளக்கும் தரை இட்டுப் பயன் என்ன?

சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை. நாள்தோறும் அங்கே நிற்பவரைக் கேளாமல் அதைத் திட்டமிடுதல் கூடாது. இப்பகுதி ஒப்பந்தக்காரர் மராத்தியில் 'ஓட்டா' எனப்படும் சமையல் மேடையைத் தம் வழக்கப்படி அமைத்துவிட்டுப் போவார். மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று உண்டு என்பதும், அதற்கு உறுதியான இடமும், அருகே தண்ணீரும் பிளக்கும் வேண்டும் என்பதும் நாம் சொன்னாலன்றி அவருக்குத் தெரியாது. அரிசி டப்பாவுக்கு இடம், சுவாமி படங்களுக்குக் கிழக்கு நோக்கிய மாடம், முதியவர் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஆகியவற்றையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். மேடை கட்டிய பிறகு சொன்னால் அது 'கூடுதல் வேலை' ஆகிவிடும். கூடுதல் வேலைக்கு விலை கூறும் உரிமை அவர் கைக்குப் போய்விடும்.

தூணில் கை வைக்கலாகாது

அறையைப் பெரிதாக்க இந்தச் சுவரை எடுத்துவிடலாம், இந்தத் தூணைச் சற்றே செதுக்கிவிடலாம் என்று எளிதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரரை அன்றே வழியனுப்பிவிடுவது நல்லது. 2017ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் மாண்டனர். அதன் கீழ்த்தளத்தில் அப்போது நடந்துவந்த மாற்று வேலையில் தூண்கள் பாதிக்கப்பட்டன என்பதே எழுந்த குற்றச்சாட்டு. அதற்கு முன் 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் டாக்யார்டு ரோடு அருகே மாநகராட்சி ஊழியர் குடும்பங்கள் வசித்த கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அங்கும் கீழ்த்தளக் கிடங்கில் செய்த மாற்றங்கள்மீது விசாரணையில் குற்றம் சுமத்தப்பட்டது. ஒரு வீட்டில் நடக்கும் வேலை அந்த வீட்டோடு நிற்பதில்லை. மேலும் கீழும் உறங்குவோர் அனைவருடைய உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

தூண், உத்தரம், தளம் இவை எவ்விதத்திலும் தொடத் தகாதவை. பழைய கட்டடங்களில் சில சுவர்களும் பாரம் தாங்குபவை. பார்வைக்கு மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. சுவர் எதையேனும் எடுக்க விரும்பினால் கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த அபிப்பிராயத்துடன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதியும், தேவைப்படும் இடத்தில் மாநகராட்சியின் அனுமதியும் பெற வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டப்படி 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களின் அமைப்புறுதியைப் பொறியாளரைக் கொண்டு சோதித்துச் சான்று பெற்றாக வேண்டும். அந்தச் சோதனையறிக்கை உங்கள் சொசைட்டி அலுவலகத்தில் இருக்கும். வேலை தொடங்குமுன் அதைக் கேட்டுப் படிப்பது உறுப்பினரின் உரிமை.

எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிது பதித்தால் செலவு குறையும் என்பர். 100 சதுர அடித் தரையில் ஓர் அங்குல கனத்துக்குச் சாந்தும் டைல்ஸும் ஏறினால் ஏறக்குறைய 500 கிலோ எடை கூடுகிறது. குடியிருப்பு அறைகளின் தளத்தை, மனிதரும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் வரும் என்று கணக்கிட்டே அமைக்கின்றனர். இந்த ஓரங்குலமே அதில் நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உறுதி குன்றிய பழைய கட்டடத்தில் இது சிறு விஷயமன்று.

வேலைப் பட்டியல்

இனி எழுத்துக்கு வருவோம். 'குளியலறை புதுப்பித்தல் - ஒன்று' என்று எழுதிய விலைப்புள்ளி விலைப்புள்ளியே அன்று. பழைய டைல்ஸைப் பெயர்த்தல், இடிமானத்தைக் கீழே இறக்கி அப்புறப்படுத்தல், குழாய் மாற்றுதல், நீர்க்கசிவுத் தடுப்பு, சுவருக்கு எத்தனை அடி உயரம் டைல்ஸ், தரைக்கு எந்த வகை, கதவு, குழாய்ச் சாமான்கள், மின்வேலை என ஒவ்வொன்றும் தனி வரியாக, அளவுடனும் விலையுடனும் இருக்க வேண்டும். சாமான்களை வாங்கித் தருபவர் யார் என்பதும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும்.

அளவைக் குறித்து ஓர் எச்சரிக்கை. இப்பகுதியில் கொத்து வேலைக்காரர் 'பிராஸ்' என்னும் கணக்கில் பேசுவர். தரைக்கும் பூச்சுக்கும் ஒரு பிராஸ் என்பது 100 சதுர அடி. மணலுக்கும் ஜல்லிக்கும் அதுவே 100 கன அடி. எந்தப் பொருளில் பேசுகிறார் என்று கேட்டுத் தெளிக. சுவர்ப் பூச்சிலும் வண்ணத்திலும் கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழித்து அளப்பதா, கழிக்காமலா என்பதையும் முன்பே எழுதிக்கொள்க. 10 அடிக்கு 12 அடி அறையில் சுவரின் உயரம் ஒன்பதரை அடியானால் நான்கு சுவரும் சேர்ந்து 418 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவையும், 4 அடிக்கு 4 அடி ஜன்னலையும் கழித்தால் 381 சதுர அடி. ஓர் அறைக்கே 37 சதுர அடி வேறுபாடு. சதுர அடிக்கு 30 ரூபாய் என்றால் 1,110 ரூபாய். நான்கு அறைக்கு எவ்வளவு என்பதை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

ஒரே பட்டியலைக் குறைந்தது மூவரிடம் கொடுத்து விலை கேட்க வேண்டும். மூவரும் தத்தம் விருப்பப்படி எழுதித் தந்தால் மாங்காயையும் தேங்காயையும் ஒப்பிட்டது போலாகும். ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒருவர் 3,10,000 ரூபாய் என்கிறார். மற்றொருவர் 4,00,000 என்கிறார். முன்னவர் காகிதத்தில் இடிமானம் அகற்றுதல் இல்லை, குழாய்ச் சாமான் இல்லை, நீர்க்கசிவுத் தடுப்பு இல்லை, மின்வேலை 'தனி'. இவற்றையெல்லாம் பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டினால் 4,00,000 ரூபாயைத் தாண்டிவிடும். வேலை பாதி நடந்தபின் நாம் மறுத்துப் பேசவும் முடியாது. குறைந்த விலையைக் கண்டு மகிழ்வதற்கு முன் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

சாமான் நமது, கூலி மட்டும் அவரது என்ற முறையும் உண்டு. இதில் மிச்சம் உண்டு என்பது மெய். ஆனால் கடைக்கு அலையவும், மூட்டையை எண்ணவும், பகல் முழுதும் அருகில் நிற்கவும் ஓய்வு பெற்றவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். காலை 7 மணி லோகலைப் பிடித்து இரவு 8 மணிக்குத் திரும்பும் குடும்பத்தலைவருக்கு இம்முறை ஏற்றதன்று.

வரியைப் பற்றியும் தெரிந்துகொள்க. இத்தகைய ஒப்பந்த வேலைக்குச் சரக்கு-சேவை வரி 18 சதவிகிதம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு ஒப்பந்தக்காரர் இதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே அவர் வரி வசூலிக்கவும் கூடாது. சொன்ன விலையில் வரி அடங்கியதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். "பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்" என்ற பேச்சுக்கு இணங்கலாகாது. பில் இல்லாத வேலைக்குப் பொறுப்பாளியும் இல்லை.

ஆளைத் தெரிந்தெடுத்தல்

ஒப்பந்தக்காரர் கைபேசியில் காட்டும் படங்கள் எல்லாம் அழகாகவே இருக்கும். அவற்றைப் பார்த்து முடிவு செய்யாமல், அவர் செய்த வீடுகளில் இரண்டையேனும் நேரில் சென்று காண்க. ஒன்று இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை. மற்றொன்று இரண்டு மழைக்காலம் கண்ட வேலை. முன்னதில் அவருடைய ஒழுங்கு தெரியும்: சாமான் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, ஆட்கள் எத்தனை பேர், மேற்பார்வைக்கு யார் நிற்கிறார் என்பவை. பின்னதில் அவருடைய நாணயம் தெரியும். அந்த வீட்டு அம்மையாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "வேலை முடிந்தபின் குறை சொல்லி அழைத்தபோது வந்தாரா?" குறையே நேராத வேலை உலகில் இல்லை. அழைத்தால் வருபவரே நல்ல ஒப்பந்தக்காரர்.

பேசுபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்பது இத்தொழிலில் வழக்கம். ஆகையால் நம் வீட்டில் நாள்தோறும் நிற்கப்போகும் முக்காதம் யார், ஒரே சமயத்தில் எத்தனை வீடுகளை ஏற்றிருக்கிறார், மின்வேலைக்கு வருபவருக்கு உரிமம் உண்டா என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க.

நம்மவர் என்ற விஷயத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பிற மாநிலத்தில் தமிழ் பேசும் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கண்டால் நம் உள்ளம் குளிர்கிறது. "ஊர்க்காரரிடம் போய்க் காகிதம் நீட்டுவதா?" என்று நாணுகிறோம். நாம் அறிந்த இரு குடும்பங்கள் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. பல ஆண்டுகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டவர்கள். ஒருவர் வீட்டை மற்றவர் புதுப்பித்துக் கொடுத்தார். குளியலறைச் சாமான்களின் விலை பேசிய தொகையில் அடங்குமா, அடங்காதா என்பதில் இருவருக்கும் இருவேறு நினைவு. இருவரும் பொய் சொல்லவில்லை, எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவே. இன்று அக்குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளைகள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கின்றனர். சில ஆயிரம் ரூபாய்க்கு இருபதாண்டு நட்பு போயிற்று. நம்மவர் என்றால் எழுத்து இன்னும் அவசியம். எழுத்து என்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று; நட்புக்கு இடும் வேலி.

பணம் கொடுக்கும் முறை

ஒப்பந்தம் முத்திரைத்தாளில், இருவருக்கும் புரியும் மொழியில் அமைய வேண்டும். வேலைப் பட்டியல், மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், தாமதித்தால் என்ன, பணம் எந்தெந்தக் கட்டத்தில், குறை தீர்க்கும் பொறுப்பு எத்தனை காலம், கூடுதல் வேலைக்கு முன்கூட்டி எழுத்து மூலம் சம்மதம் என்பவை அதில் இருக்க வேண்டும்.

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நம் பணத்தைக் கொண்டு வேறொருவர் வீட்டு வேலையை முடிக்கவே அது பெரும்பாலும் பயன்படுகிறது. 4,00,000 ரூபாய் வேலைக்கு நாம் ஏற்கும் ஒழுங்கு வருமாறு: கையெழுத்திடும்போது 40,000, இடித்து முடித்துக் குழாயும் மின்குழலும் பதித்தபின் 80,000, நீர்ச் சோதனையில் தேறியபின் 80,000, தரையும் சுவர் டைல்ஸும் முடிந்தபின் 80,000, மின்வேலையும் வண்ணமும் முடிந்தபின் 60,000, சில்லறைக் குறைகள் தீர்ந்தபின் 20,000, ஒரு மழைக்காலம் கடந்தபின் மீதி 40,000. பத்தில் ஒரு பங்கு நம் கையில் இருக்கும்வரை அவர் நம்மை மறக்க மாட்டார். ஒப்பந்தக்காரரும் நியாயமானவரானால் இதை மறுக்க மாட்டார். வேண்டுமானால் சிறிது கூட்டிக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகையையும் வங்கி மூலமாகவே செலுத்திக் குறித்து வைக்க வேண்டும். இவையன்றி, மொத்தத் தொகையில் பத்து, பதினைந்து சதவிகிதத்தை எவருக்கும் சொல்லாமல் தனியே வைத்திருப்பது நலம். சுவரைத் திறந்த பிறகே தெரியவரும் பழுதுகள் உண்டு.

வேலை நடக்கும்போது

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். ஆகவே தீபாவளிக்குப்பின் தொடங்கி, மே மாதத்துக்குள் முடித்துவிடும்படி திட்டமிட வேண்டும். பிள்ளைகளின் தேர்வு மாதத்தையும் மனத்தில் கொள்க.

குளியலறையின் பழைய தரையைப் பெயர்த்து, செங்கல் துண்டுகள் பதித்த 'கோபா' என்னும் நீர்க்கசிவுத் தடுப்பு முடிந்ததும், டைல்ஸ் போடுவதற்கு முன்பே வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டுக்காரரை அழைத்து அவர் கூரையைப் பார்க்கச் சொல்க. இச்சோதனைக்கு இரண்டு நாள் போகும். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு கசிந்தால் புதுத் தரை முழுதையும் உடைக்க நேரும். அவ்வாறே, குழாய்களைச் சுவருக்குள் மூடுமுன் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மூடுமுன் அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் புகைப்படம் எடுத்து வைத்தால், பத்தாண்டு கழித்து ஆணி அடிக்கும்போதும் அது உதவும்.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை ஏற்கலாகாது. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் தண்ணீர் விட்டு ஆற்றுதல் மிக முக்கியம். கான்கிரீட்டாயின் சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் குறைந்த அளவு. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வராத நாளில் அந்தத் தண்ணீரை விடவேண்டியவர் நாமே.

மின்கம்பியில் சிக்கனம் கூடாது. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிளக்குக்கு 2.5, கீஸருக்கும் குளிர்சாதனத்துக்கும் 4 என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் நம் வீட்டுப் பெண்களின் உயிரைக் காப்பது அது.

வேலையாட்களைக் குறித்தும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் தந்தையரும் ஒரு காலத்தில் பெட்டியும் படுக்கையுமாக இந்நகரத்தில் வந்திறங்கியவர்களே. குடிக்கத் தண்ணீரும், பகலில் உட்கார்ந்து உண்ண நிழலும், கழிப்பிட வசதியும் அவர்களுக்குக் கொடுத்தல் நம் கடமை. சிறுவரை வேலைக்குக் கொண்டுவந்தால் உடனே மறுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அவர்களுக்கு வாரக்கூலியைச் சரியாகக் கொடுக்கிறாரா என்றும் விசாரிக்க. கூலி பெறாத கொத்தனார் ஒருநாள் காலையில் வராமற்போவார். நம் வேலை அங்கேயே நின்றுவிடும். அறமும் நம் நலமும் இவ்விடத்தில் ஒன்றே.

பிணக்கு நேர்ந்தால்

இத்தனைக்கும் பிறகு பிணக்கு ஏற்படுமாயின், கோபத்தில் கூவுவதைவிடக் குறைகளைத் தேதியிட்டுக் கடிதமாக எழுதி, நாள் குறித்துத் தருவதே முதற்படி. வீடு கட்டும் பணியும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்று 1993ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையத்தில் தொடரலாம்; குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் வினா, "ஒப்பந்தம் எங்கே? பணம் கொடுத்த சான்று எங்கே?" என்பதே. காகிதம் உள்ளவருக்கே கதவு திறக்கும். பெரும்பாலும் காகிதம் உள்ளவர் அக்கதவு வரை போகவேண்டிய அவசியமும் நேர்வதில்லை.

வேலை முடிந்தபின் பட்டியல், ஒப்பந்தம், பில்கள், புகைப்படங்கள், சாமான்களின் உத்தரவாதச் சீட்டுகள் அனைத்தையும் வீட்டுப் பத்திரத்துடன் ஒரே உறையில் வைத்திடுக. அடுத்த முறை இவ்வீட்டைத் திறக்கப்போகிறவர் நம் பிள்ளையாக இருக்கலாம். தம் வீட்டு வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்ட அன்பர்கள், தாம் எழுதிய வேலைப் பட்டியலின் நகலொன்றைச் சங்கத்தில் கொடுத்து வைப்பார்களாயின், அடுத்துத் தொடங்கும் குடும்பம் வெறுங்கையோடு ஒப்பந்தக்காரர்முன் நிற்க வேண்டியிராது. ஊரில் கொத்தனாரின் பாட்டனாரை அறிந்திருந்தது எப்படி ஒரு காவலாக இருந்ததோ, அப்படியே இங்கே நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் எழுதி வைப்பதுமே நமக்குக் காவல்.